சேது நின்ற சொல்

என் ஆத்தா கண்ணாத்தாளுக்கு,

பேரை முழுதாக எழுதினால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். கல்லூரியில் சேர்ந்த வருடம், நாட்டரசன்கோட்டையில் சாமிக்கு அந்தப் பேர் இருப்பது போதாதா, எனக்கும் எதற்கு என்று என்னிடம் சண்டை போட்டவள் நீ. வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு வேறு என்ன பேர் வைக்க முடியும், சொல். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாரே, இந்த மனுசனுக்கு என்ன ஆயிற்று என்று நீ நினைக்கலாம். உன்னிடம் நேரில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் பாதியில் என் குரல் உயர்ந்தது, நீ எழுந்து போய்விட்டாய். உன் அம்மாதான் வழி சொன்னாள். "நீங்க வாயால சொன்னா அது ஏச்சாத்தான் வரும். எழுதிக் குடுங்க" என்றாள். இருபத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கோயம்புத்தூர் வேலையை வேண்டாம் என்று எழுதிப் போடப் போகிறாயாம். உன் அம்மாவிடம் நீ சொன்ன காரணத்தை அவள் என்னிடம் அப்படியே சொன்னாள். "தம்பிய எங்கயும் அனுப்பாதீக, நான் பாத்துக்கிறேன்னு அன்னைக்கு நான்தானம்மா சொன்னேன். சொல்லிட்டு இப்ப நானே போனா?" நீ வாக்குக் கொடுத்ததால்தான் சேதுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தோம் என்று பத்து வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாய். அது உண்மை இல்லை. உன்னை அப்படி நம்ப வைத்தவன் நான். வேலைக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். ஆனால் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு முடிவு செய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சேதுவுக்கு ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொன்னபோது அவனுக்கு நாலு வயது, உனக்கு ஒன்பது. வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிடுவான். டாக்டர் பொறுமையாக எல்லாம் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில், எத்தனை நாளைக்கு மருந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து இருந்தால் நல்லது என்றார். ஆறு வயதில் உன் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தோம். எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடம், அக்காக்காரியும் அங்கேயே இருக்கிறாள், வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தலைமையாசிரியையும் அதைச் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த 'அக்கா இருக்கிறாள்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

நீ ஏழாம் வகுப்பு முடிக்கும் பங்குனி மாதம் அது. உன் கணக்கு நோட்டை எதற்கோ எடுத்துப் புரட்டினேன். அரைப் பரீட்சைக்கு அப்புறம் ஒரு பக்கம்கூட எழுதவில்லை, எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. கணக்கில் உனக்கு எப்போதும் நல்ல மார்க் வரும். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன், நீ பேசவில்லை. அடித்தேன். கன்னத்தில் விரல் பதிந்தது. அப்போதும் நீ வாய் திறக்கவில்லை. நாலு நாள் கழித்துச் சத்துணவு ஆயாவைச் சந்தையில் பார்த்தேன். சும்மா பேச்சுவாக்கில் உன் படிப்பைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டேன். அந்த அம்மா காய்க்கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. "உங்க மக வகுப்புல எங்க இருந்துச்சு? தம்பி பெஞ்சுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டா இதைத்தான கூப்பிடுறாக. அரைப் பரீட்சையிலேருந்து அவனைக் கூட்டிக்கிட்டு வராண்டாவுலதான் கெடக்குது. இதுகூடத் தெரியாமயா இருக்கீக?"

தெரியாமல்தான் இருந்தேன் ஆத்தா. அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உனக்கு இரண்டு கணக்கு நோட்டு வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தேன், பெரிய மனுசன் மாதிரி. இப்போது கேட்கிறேன், என்னை மன்னித்துக்கொள். நீ ஏன் சொல்லவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சொன்னால் தம்பியைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவேன் என்று பயந்திருக்கிறாய். அறை வாங்குவது மேல் என்று பன்னிரண்டு வயதில் உனக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்த வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்கள். இனிமேல் வைத்துச் சமாளிக்க முடியாது, திருச்சிப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். வீட்டிலே வைத்துச் சொல்லிக்கொடுப்பதாம். நான் பத்தாம் வகுப்பு, உன் அம்மா எட்டாம் வகுப்பு. அந்த நிமிடமே விடுதி என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். சுத்தமான இடம். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஜூன் மாதம் கொண்டுவந்து விடுங்கள் என்றார்கள். உன்னிடம் சொன்னபோது நீ அழவில்லை. "எங்கயும் அனுப்பாதீகப்பா. நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னாய். நீ பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் கணக்கு நோட்டில் பார்த்தேனே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை விடுமுறையைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும். நான் வேலை பார்க்கும் இந்தக் கண்டனூர் வீடு உனக்குத் தெரியாததில்லை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைவாசல். வீட்டுக்காரர்கள் எல்லாரும் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் இருநூறு முந்நூறு பேர். மற்ற நாளெல்லாம் புறாவும் நானும்தான். வயல் கைவிட்டபிறகு எனக்குச் சோறு போட்ட வீடு. பூக்கல் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டு முகம் தெரிகிற மாதிரி துடைத்து வைப்பது எனக்கு ஒரு கர்வம். அடுத்தவர் வீடு என்று யாராவது சொன்னால்கூட எனக்குப் பிடிக்காது. அந்த விடுமுறையில் தினமும் காலையில் நீயும் சேதுவும் என்னோடு வந்தீர்கள். நான் முன்கட்டில் ஜன்னல்களைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே, முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கிற வளவில் இருப்பீர்கள். அங்கே சத்தம் இல்லை. மணி இல்லை, கத்துகிற பிள்ளைகள் இல்லை. சேது காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, நடுமுற்றத்தைச் சுற்றியிருக்கிற தாழ்வாரத்தில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருப்பான். உட்கார வைத்தால் இரண்டு நிமிடம் இருக்க மாட்டான். நீ ஏதோ விளையாடுகிறாய் என்று விட்டுவிட்டேன்.

நீ என்ன செய்தாய் என்று உனக்கே இப்போது முழுதாக நினைவிருக்குமோ என்னவோ. அவன் உட்கார மாட்டான், நடப்பான். அதனால் அவன் நடக்கிற வழியிலேயே பாடத்தை வைத்தாய். ஒவ்வொரு அறைக்கும் முன்னால் தரையில் சாக்பீஸால் பெரிதாக ஒரு சொல். குடம் இருக்கிற மூலையில் 'தண்ணீர்'. முற்றத்து வெயில் விழுகிற இடத்தில் 'வெயில்'. உள்ளே நுழைகிற இடத்தில் 'வீடு'. ஊஞ்சலுக்குக் கீழே 'ஆடு'. அவன் பின்னாலேயே நடந்து, அவன் எந்தச் சொல்மேல் கால் வைக்கிறானோ அதைக் கொடுப்பாய். 'தண்ணீர்' மேல் நின்றால் தண்ணீர். 'ஆடு' மேல் நின்றால் ஊஞ்சலில் உட்கார வைத்து ஆட்டுவாய். 'வீடு' மேல் நின்றால் நம் வீட்டுக்குக் கூட்டிப்போவாய். முதல் பத்து நாள் அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நீ ஓயவில்லை. பிறகு ஒரு நாள் அவன் நேராகப் போய் 'தண்ணீர்' மேல் நின்று, உன்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறான். பிறந்து ஏழு வருடத்தில் அவன் கேட்ட முதல் பொருள் அது. உன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அவள் என்னிடம் சொன்னாள், நான் சரி சரி என்றேன். தரையெல்லாம் சாக்பீஸ் ஆகிறதே என்றுதான் எனக்குக் கவலை.

வைகாசியில், அந்த வீட்டுக்காரர்களில் மூத்தவரான பெரிய ஆச்சியின் பேத்திக்குக் கல்யாணம் வந்தது. சென்னையிலிருந்து எல்லாரும் வருவதற்கு முதல் நாள் நான் வீட்டை ஒரு கை பார்த்தேன். ஈரத்துணியால் தாழ்வாரம் முழுக்கத் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். ஒரு எழுத்து விடவில்லை. முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று பார்த்து, திருப்தியாக வெற்றிலை போட்டேன். மறுநாள் வீடு நிறைந்துவிட்டது. பந்தல்காரர், சமையல்காரர், பெட்டிகள், பிள்ளைகள். உன் அம்மா சமையல்கட்டில், நீ அவளுக்கு உதவியாக. சேதுவை வீட்டில் தனியாக விட முடியாது, அவனும் வந்திருந்தான். காதைப் பொத்திக்கொண்டு சுவரை ஒட்டி ஒட்டி நடந்துபோய் ஒரு மூலையில் நின்றான். நான் அந்த வழியாகப் பத்துத் தடவையாவது போயிருப்பேன். சமத்தாக நிற்கிறானே என்று சந்தோஷப்பட்டேன். எவ்வளவு நேரம் நின்றான் தெரியுமா? காலைப் பலகாரம் முடிந்து, மதியச் சமையல் பாதி ஆகிற வரைக்கும் நின்றான். எழுத்து அழிந்த தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு, உதடு காய்ந்துபோய் நின்றான்.

நீ சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு டம்ளரோடு ஓடிவந்தாய். மூன்று டம்ளர் குடித்தான். அப்புறம் நீ என் பக்கம் திரும்பினாய். அத்தனை கூட்டத்தில் நீ குரலை உயர்த்தவே இல்லை. "அழிச்சீகளே, அங்க என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சாவது பாத்தீகளாப்பா?"

படிக்கவில்லை. முழங்கால் போட்டு அந்தச் சொற்களின்மேல் துணியைத் தேய்த்திருக்கிறேன், ஒரு சொல்லைக்கூடப் படிக்கவில்லை. பிள்ளை பேச மாட்டேன் என்கிறானே என்று கோயில் கோயிலாகப் போனவன் நான். அவன் பேச ஆரம்பித்த வாயை என் கையாலேயே துடைத்து, மேலே எண்ணெயும் பூசியிருக்கிறேன். வீட்டை அழகாக வைத்திருக்கிறேன் என்ற என் கர்வம் எதற்குப் பிரயோசனப்பட்டது பார்.

வளவில் எழுத வழியில்லை, அங்கே ஜமக்காளம் விரித்தாயிற்று. நீ அவனை அழைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாய். சாமான் அறைக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நடையில் உட்கார்ந்து, பாவாடைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து எழுத ஆரம்பித்தாய். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தேன், தோளில் துண்டோடு. கல்யாண வீட்டில் தரையில் கிறுக்கினால் என் வேலை என்ன ஆவது? நான் குனிந்து முதல் சொல்லில் துண்டை வைக்கவும், சாமான் அறையிலிருந்து பெரிய ஆச்சி வெளியே வரவும் சரியாக இருந்தது. எண்பது வயதிலும் பட்டுச் சேலை கசங்காத மனுசி. இது என்ன என்று உன்னிடம் கேட்டார்கள். நீ எழுந்து நின்று, "தம்பிக்கு வாய்ப்பேச்சு வராது ஆச்சி. இதுமேல நின்னுதான் கேப்பான்" என்றாய். ஆச்சி பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் குனிந்த வாக்கில் அப்படியே இருந்தேன்.

அப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன். நீ ஆறு சொற்களை எழுதியிருந்தாய், எல்லாம் இடம் மாறி. வளவில் எங்கே எது இருந்ததோ அந்த வரிசை இங்கே இல்லை. இடத்தை வைத்துத்தான் அவன் பழகியிருப்பான், மாடுகூடத் தண்ணீர்த் தொட்டிக்கு வழி கண்டுபிடிக்கும் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சேது முதல் சொல்லுக்கு வந்தான், குனிந்து பார்த்தான், தாண்டினான். இரண்டாவதைத் தாண்டினான். மூன்றாவதில் கொஞ்சம் நின்றான், தாண்டினான். ஐந்தாவதாக 'ஆடு' என்று இருந்தது. அதன் நடுவில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தான். அந்த நடையில் ஊஞ்சல் இல்லை. குடம் இல்லை, வெயில் இல்லை, வெறும் எழுத்துதான் இருந்தது. என் பிள்ளை படித்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவன் படித்ததற்கு ஒரு பங்கு என்றால், பன்னிரண்டு வயதுச் சின்னப் பெண் ஒருத்தி யாரும் சொல்லித்தராமல் அவனுக்கு இப்படி ஒரு வழி கண்டுபிடித்தாளே என்பதற்கு ஒன்பது பங்கு. நீ எனக்குப் பிறந்தவள்தானா என்று அன்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. நீ அவனை இரண்டு கையாலும் தூக்கி ஊஞ்சல் மாதிரி ஆட்டினாய். அவன் சிரித்தான். துண்டு இன்னும் என் கையில் இருந்தது. ஆச்சி என்னைப் பார்த்து, "துண்டை எடுப்பா. புள்ள பேசிக்கிட்டுல்ல இருக்கு" என்றார்கள்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதைதான். இதற்கப்புறம்தான் உனக்குத் தெரியாதது. இவ்வளவு பார்த்த பிறகும் நான் விடுதி யோசனையை விடவில்லை. ஏனென்றால் அந்த நடையில் நான் இன்னொன்றையும் பார்த்தேன். இவனை வீட்டில் வைத்தால் நீதான் பள்ளிக்கூடம், நீதான் டீச்சர், நீதான் மணி. கணக்கு நோட்டு திரும்பவும் வெள்ளையாகத்தான் கிடக்கும். இவனைக் காப்பாற்ற உன்னைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஜூன் முதல் வாரம், உன்னை அந்தச் சத்துணவு ஆயாவோடு காரைக்குடிக்கு அனுப்பி, புதுப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் பேர் பதிய வைத்தேனே, அது உன்னை வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான். நீ அங்குட்டுப் போனதும், உன் அம்மா அழ அழ, சேதுவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

பஸ் வரவில்லை. புளியமரத்தடியில் நின்றோம். சேது என் கையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தான். இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி. குனிந்து குனிந்து பார்த்தான். என்ன தேடுகிறான் என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, சொற்களைத் தேடுகிறான். அவனுக்கு ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது, கேட்பதற்கு அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்த விடுதிக்கு நான் கொடுத்த விண்ணப்பத்தில் அவன் பேர், வயது, என்ன சாப்பிடுவான் என்பதெல்லாம் நிரப்பியிருந்தேன். இவன் சொல்மேல் நின்று பேசுவான் என்று எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. பெட்டியைக் கீழே வைத்தேன். சாக்பீஸ் இல்லை. ஒரு செங்கல் துண்டை எடுத்து, ரோட்டோரத் தாரில் இரண்டு சொல் எழுதினேன். ஒரு பக்கம் 'பஸ்', ஒரு பக்கம் 'வீடு'. என் பிள்ளையிடம் நான் முதல்முதலாகக் கேட்ட கேள்வி அதுதான். அதற்கு முன்னால் அவனைப் பற்றி எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், அவனிடம் கேட்டதில்லை.

அவன் இரண்டையும் பார்த்தான். 'வீடு' மேல் போய் நின்றான். நின்று, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். சேது யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டான் என்று உனக்குத் தெரியும். அன்று பார்த்தான். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. காதைப் பொத்தினான், ஆனால் காலை நகர்த்தவில்லை. பஸ் வந்து நின்று, கண்டக்டர் ஏறுங்க என்றார், நான் கையாட்டிப் போகச் சொன்னேன். நியாயமாகச் சொன்னால், 'பஸ்' என்ற சொல்லை நீ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த சொல்மேல் போய் நின்றிருக்கிறான் என்று யாராவது வாதாடலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம் நீ வந்து, பெட்டி கட்டி வைத்திருப்பதைப் பார்த்துக் கேட்டாய். விடுதியில் இடம் இல்லையாம், நீ சொன்னபடியே ஆகட்டும், நீயே பார்த்துக்கொள் என்று சொன்னேன். உனக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் அந்தப் பொய். அடித்த பாவத்துக்கு உனக்கு ஒரு சந்தோஷம் கொடுக்கலாம் என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதைவிடச் சின்னது. நீயே ஏற்றுக்கொண்டதாக இருந்தால் நான் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பொய் எனக்கு வசதியாக இருந்தது ஆத்தா, பத்து வருடம் வசதியாக இருந்தது. பகலில் உன் அம்மா, காலையும் மாலையும் நீ. ஆச்சி பின்கட்டு நடையை அவனுக்கென்று விட்டுக்கொடுத்ததால் அங்கே யாரும் துடைப்பதில்லை. கல்யாணம் வந்தால் அவனுக்கு லீவு, கூட்டம் போனதும் பள்ளிக்கூடம் திறப்பு. பிள்ளையைப் படிக்க அனுப்பாமல் பூட்டி வைத்திருக்கிறான் என்று ஊர் பேசியபோதெல்லாம் நீதான் பதில் சொன்னாய். நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் வைத்தது சரியா என்று கேட்டால், சரி என்று மார்தட்ட என்னால் முடியாது. அவனுக்கு ஒரு சிநேகிதன் இல்லை. சர்டிபிகேட் இல்லை. அந்த விடுதியில் நம்மைவிடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கையில் இன்னும் முன்னேறியிருப்பானோ என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. இப்படிப் பிள்ளை இருக்கிற இன்னொருவர் வந்து என்னிடம் யோசனை கேட்டால், வீடா பள்ளிக்கூடமா என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை எதுமேல் நின்று பேசுகிறது என்று முதலில் பாருங்கள், அதை எங்கே எழுதி வைப்பார்களோ அங்கே விடுங்கள் என்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பதினேழு வயதில் முந்நூறு சொல் தெரிந்து நிற்கிறான். இரண்டு சொல்லைத் தாண்டித் தாண்டி நின்று வாக்கியம் சொல்கிறான். மழை வருமுன் 'துணி' மேலும் 'எடு' மேலும் மாறி மாறிக் குதிக்கிறான்.

போன மாதம் பயிற்சிக்கு என்று நீ பதினொரு நாள் கோயம்புத்தூர் போனாயே, அப்போது நடந்ததை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் சேது நடைக்கு வந்து உன்னைத் தேடினான், சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு முன்கட்டுக்கு வந்து, என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக் கீழே போட்டான். சாக்பீஸை என் உள்ளங்கையில் வைத்து மூடினான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நான் அசடு மாதிரி நின்றேன். என்ன எழுத, எங்கே எழுத, ஒன்றும் தெரியவில்லை. உன் பழைய சொற்கள் அங்கங்கே இருந்தன. அவன் என்னை இரண்டு தோளையும் பிடித்து நகர்த்தி, பொறுமையாக, 'பசி' என்ற சொல்லின்மேல் கொண்டுபோய் நிறுத்தினான். காலைத் தட்டி நேராக வைத்தான். அப்புறம் சமையல்கட்டுக்குப் போய், உன் அம்மா எனக்காகக் கொண்டுவந்து மூடி வைத்திருந்த இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். அன்று காலை நான் சாப்பிடாமல் வேலையைத் தொடங்கியிருந்தேன். அது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அந்த நடையில் நின்றுகொண்டே நாலு இட்லியையும் தின்றேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். தட்டு காலியானதும் என்னை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினான். அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணி. நான் போகாவிட்டால் வந்து இழுக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு புதுச் சொல் எழுதச் சொல்கிறான், எழுதும் வரைக்கும் விடமாட்டான். நீ திரும்பி வந்தபிறகும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீ குளித்துச் சாப்பிடுகிற நேரம், அதனால் உனக்குத் தெரியவில்லை. அவனுக்கு உன்மேல் ஆசை குறையவில்லை, வாசல் பக்கம் உன் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் ஓடுகிறான். ஆனால் நீ கொடுத்த வாக்கு ஒன்றும் பாக்கி இல்லை. கேட்டவன் அவன், சரி என்றவன் நான். பத்து வருடம் தாமதமாக நான் என் வேலைக்கு வந்திருக்கிறேன், அவன் என்னைச் சேர்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காரைக்குடியில் காலை ஒன்பது மணி பஸ்ஸுக்கு உனக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் கிழித்துப்போடு, ஒன்றும் சொல்ல மாட்டேன். போவதாக இருந்தால் வண்டியேற்ற உன் அம்மா வருவாள். நான் வர முடியாது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்த நேரத்தில் எனக்குப் பாடம் இருக்கிறது.